அசிட்ரோமா, புது மாத்திரையா, ஆஸ்பிரினே போதுமா? ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாதத் தடுப்பு: ஓர் ஒப்பீடு

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு மாத்திரை டப்பாக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று சித்தியுடையது. இருவருக்கும் சீட்டில் எழுதியிருக்கும் நோய் ஒன்றுதான்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப். அதாவது இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பது. பக்கவாதம் வரக் கூடாது என்பதற்காகத்தான் இருவரும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே 2018-இல் ஒரு முறை வந்து, வலது கை இரண்டு மாதம் விழுந்து கிடந்து, பிறகு மீண்டது. ஆனால் மாத்திரை மட்டும் வேறு வேறு. அம்மா 2023-இல் புது மாத்திரைக்கு மாறிவிட்டார். சித்தி பழைய அசிட்ரோமில் இருக்கிறார், இனியும் அதில்தான் இருப்பார்.

“ஒரே நோய்க்கு ஏன் ரெண்டு மாத்திரை? எங்க அப்பாவுக்கு எது நல்லது?” என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்கள் அதிகம். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், “அசிட்ரோம் எலி மருந்தாமே, ஆஸ்பிரினே கொடுத்துவிடலாமா?” என்று கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. எட்டு வருடமாக ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் டெஸ்ட்) நோட்டுப் புத்தகம் எழுதுகிறவன், இது சம்பந்தமான ஆய்வுகளைத் தேடிப் படிக்கிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை மாற்ற வேண்டாம். டாக்டர் முன்னால் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் படியுங்கள்.

## முதலில், இது உங்கள் கேள்விதானா?

பக்கவாதம் எல்லாம் ஒன்றல்ல. மூளையில் ரத்தம் கசிந்து வருவது ஒன்று, குழாய் அடைத்து வருவது ஒன்று. அடைப்பிலும் பல வகை உண்டு. கழுத்து ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து வருவதற்கும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் சின்னச் சின்னக் குழாய்களைக் கெடுத்து வருவதற்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் வகை மாத்திரைகள்தான். அவர்களுக்கு இந்தக் கட்டுரை இல்லை.

இதயத்தின் இடது மேலறையின் ஓரத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பை தொங்குகிறது. மேலறை நடுங்கும்போது அந்தப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. வால்வு நோய் இல்லாத ஏ.எஃப். காரர்களிடம் உருவாகும் ரத்தக்கட்டிகளில் பத்தில் ஒன்பது அங்கேதான். அந்தக் கட்டி கழன்று மேலே போனால் மூளையின் பெரிய குழாயையே அடைத்துவிடும். அதனால்தான் ஏ.எஃப். காரணமாக வரும் பக்கவாதம் மற்றதைவிட மோசமாக இருக்கிறது. ஏ.எஃப். இருந்தால் பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு.

சிக்கல் என்னவென்றால் ஏ.எஃப். எப்போதும் இருக்காது, வந்து வந்து போகும். ஈ.சி.ஜி. எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் துடிப்பு ஒழுங்காக இருந்தால் எல்லாம் நார்மல் என்று வந்துவிடும். காரணம் தெரியாத பக்கவாதம் வந்தவர்களை வைத்துக் கனடாவில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 30 நாள் தொடர்ந்து துடிப்பைப் பதிவு செய்தவர்களில் 16 சதவீதத்தினரிடம் ஏ.எஃப். பிடிபட்டது. வழக்கமான 24 மணி நேரப் பதிவில் பிடிபட்டது 3 சதவீதம்தான். ஆகவே “காரணம் தெரியலை” என்று எழுதி அனுப்பியிருந்தால், இன்னும் நீண்ட பதிவு எடுக்கலாமா என்று கேளுங்கள். ஆனால் ஏ.எஃப். இருக்குமோ என்ற சந்தேகத்திலேயே இந்த மாத்திரைகளை ஆரம்பிப்பது சரியல்ல. காரணம் தெரியாத பக்கவாதக்காரர்களுக்குப் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபான் கொடுத்துப் பார்த்த 2018 ஆய்வில், ஆஸ்பிரினைவிடப் பலன் கூடவில்லை. ரத்தக்கசிவுதான் கூடியது.

## எதை வைத்து முடிவு செய்வது?

வால்வு. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா, உலோக வால்வு பொருத்தியிருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஆம் என்றால் மற்ற கேள்விகளுக்கு வேலையே இல்லை. அசிட்ரோம் அல்லது அதே வகையான வார்ஃபரின், அவ்வளவுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அபாயக் கணக்கு. டாக்டர்கள் சாட்ஸ்-வாஸ்க் என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். இதயம் பலவீனம் 1, ரத்த அழுத்தம் 1, சர்க்கரை 1, ரத்தக்குழாய் நோய் 1, வயது 65 முதல் 74 வரை 1, அதற்கு மேல் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண்களுக்கு ஒன்று கூட்டுவது வழக்கமாக இருந்தது, ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-இல் அதை எடுத்துவிட்டது. பக்கவாதம் ஒரு முறை வந்தவருக்கு அதனாலேயே 2 வந்துவிடும், மாத்திரை வேண்டுமா என்ற கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

சிறுநீரகமும் எடையும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) எவ்வளவு, எடை எவ்வளவு. 45 கிலோ பாட்டிக்கும் 80 கிலோ அப்பாவுக்கும் ஒரே அளவு சரிப்படாமல் போகலாம்.

லேப் எவ்வளவு தூரம். இதை எந்த டாக்டரும் கேட்பதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் முடிவை மாற்றியதே இதுதான்.

மறதி. மாத்திரையை எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறாரா, ஒரு வேளை விட்டுப்போகுமா?

மற்ற மாத்திரைகள். வலிப்பு மாத்திரை, காசநோய் மருந்து, மூட்டுவலிக்கு அவ்வப்போது போடும் மாத்திரை, கடையில் கேட்டு வாங்கும் சூரணம் எல்லாம் இதில் அடக்கம்.

பணம். மாத்திரை விலை மட்டும் பணம் ஆகாது. டெஸ்ட், பஸ், கூட வருகிறவரின் ஒரு நாள் சம்பளம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

## ஆஸ்பிரின்: எளிது, மலிவு, போதாது

எல்லா வீட்டிலும் இருக்கிறது, டெஸ்ட் வேண்டாம், பத்தியம் இல்லை. அதனால் மனசு அங்கேதான் போகும். ஆனால் ஏ.எஃப். பக்கவாதத்தைத் தடுப்பதில் அது மிகவும் பலவீனம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு. வார்ஃபரின் பக்கவாதத்தை 64 சதவீதம் குறைத்தது. ஆஸ்பிரின் வகை 20 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது.

“வயசானவங்களுக்கு ஆஸ்பிரின்தான் பாதுகாப்பு, ரத்தம் கசியாது” என்பது நம்மூரில் அடிக்கடி கேட்கும் சமாதானம். அதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 75 வயது தாண்டிய 973 பேரை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் வார்ஃபரின் சாப்பிட்டவர்களில் வருடத்துக்கு 1.8 சதவீதம், ஆஸ்பிரினில் 3.8 சதவீதம். பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2011-இல் அபிக்ஸபான் என்ற புது மாத்திரையையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட இன்னொரு ஆய்வில், அபிக்ஸபான் பக்கவாதத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது, பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது ஆஸ்பிரினில் அபாயத்தின் பங்கு அப்படியே இருக்கிறது, பலன்தான் குறைவு.

பிறகு ஆஸ்பிரின் எங்கே பொருந்தும்? ஏ.எஃப்.-உடன் மாரடைப்பும் வந்து ஸ்டெண்ட் வைத்தவர்களுக்குச் சில காலம் ஆஸ்பிரின் வகை மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அது இதயக் குழாய்க்காக. ஏ.எஃப்.-க்காக மட்டும் ஆஸ்பிரின் எழுதியிருந்தால், “வேற மாத்திரை ஏன் வேண்டாம்னு சொல்றீங்க டாக்டர்?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

## அசிட்ரோமும் வார்ஃபரினும்: பழசு, வேலை வாங்கும், சிலருக்கு இதைவிட்டால் வேறில்லை

எலி மருந்துக் கதையை முதலில் முடித்துவிடலாம். அது உண்மைதான். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பூஞ்சை பிடித்த ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-இல் ஒரு விவசாயி, உறையாத மாட்டு ரத்தத்தைப் பால் கேனில் ஊற்றி எடுத்துக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அங்கே ஆரம்பித்த தேடலில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக வந்தது, 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் கொடுத்தார்கள். எலிக்கு வைப்பதும் நாம் சாப்பிடுவதும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அந்த அளவுதான் இந்த மாத்திரையின் தலைவலியே.

இது வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்து ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. எவ்வளவு தாமதம் என்று சொல்வதுதான் பி.டி. ஐ.என்.ஆர். டெஸ்ட். ஏ.எஃப்.-க்கு 2-இல் இருந்து 3-க்குள் இருக்க வேண்டும். 2-க்குக் கீழே போனால் கட்டி உருவாகும், 4, 5 என்று ஏறினால் கசியும். இடையில் இருப்பது ஒரு குறுகலான வரப்பு. அசிட்ரோமும் அதே இனம்தான், உடம்பைவிட்டுச் சீக்கிரம் போய்விடும் என்பது வித்தியாசம். தமிழ்நாட்டில் இதைத்தான் அதிகம் எழுதுகிறார்கள்.

அம்மாவின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். திங்கள், புதன், வெள்ளி 2 மில்லி. மற்ற நாள் 3 மில்லி. (மில்லிகிராம்தான், எங்கள் வீட்டில் எல்லாமே மில்லி.) நேரம் சாயங்காலம் 6 மணி. கீழே ஐ.என்.ஆர்.: ஜனவரி 1.4. பிப்ரவரி 2.3. மார்ச் 4.8, பக்கத்தில் சிவப்பு மையில் “ஜுரம், ஆன்டிபயாட்டிக்”. ஏப்ரல் 1.7, பக்கத்தில் “கீரை”. அம்மா கும்பகோணம் பக்கம் கிராமத்தில் இருந்தபோது கொல்லையில் முருங்கை துளிர்த்துவிட்டால் வாரத்துக்கு நாலு நாள் முருங்கைக்கீரைதான். கீரையில் வைட்டமின் கே அதிகம், மாத்திரையை அது அமுக்கிவிடும். யாரோ சொன்னார்கள் என்று அடுத்த மாதம் கீரையே வேண்டாம் என்று நிறுத்தினார், ஐ.என்.ஆர். குதித்தது. கீரையை விட வேண்டியதில்லை, ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்று புரிவதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது.

மருந்துகளோடு மோதுவது இன்னும் பெரிய விஷயம். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடஸோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனஸோல், சிறுநீர்த் தொற்றுக்கான கோட்ரைமாக்ஸஸோல், இதயத்துக்கே கொடுக்கும் அமியோடரோன் எல்லாம் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். டைக்லோஃபெனாக், ஐபூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ஐ.என்.ஆரை அவ்வளவாகத் தொடாமலே வயிற்றில் கசியவைக்கும். ஒரு தடவை முழங்கால் வலிக்கு அம்மாவைப் பக்கத்து ஊர் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அசிட்ரோம் சாப்பிடுகிறார் என்று நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இடுப்பில் ஒரு ஊசி போட்டார்கள். மறுநாள் அந்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வீங்கிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சதையில் ஊசி போடக் கூடாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். இது புது மாத்திரைக்கும் பொருந்தும்.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். மாத்திரை விலை சொற்பம். ஆனால் மாதம் ஒரு முறை, அளவு ஆடும்போது வாரம் ஒரு முறை, லேப். கிராமத்திலிருந்து பஸ், கூட ஒரு ஆள், ரிசல்ட்டை வாங்கி டாக்டருக்குக் காட்டி அளவு மாற்றிக்கொண்டு திரும்பினால் ஒரு நாள் போச்சு. நாங்கள் ஒரு வருடக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது மாத்திரைக்கு ஆனதைவிட அலைச்சலுக்கு ஆனது பல மடங்கு.

இவ்வளவு வேலை வாங்கியும் இந்த மாத்திரை ஏன் இன்னும் இருக்கிறது? சித்தியைப் போன்றவர்களுக்காக.

சித்திக்குச் சின்ன வயதில் தொண்டைப் புண், அப்புறம் மூட்டு மூட்டாக வீங்கி ஜுரம். பல வருடம் 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டார். அந்த ஜுரம் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போய்விட்டது. இப்படி வால்வு கெட்டு ஏ.எஃப். வந்தவர்கள் பணக்கார நாடுகளில் இன்று அபூர்வம், நம் நாட்டில் ஏராளம். அதனால்தானோ என்னவோ, புது மாத்திரைகளின் பெரிய ஆய்வுகள் எதிலும் இவர்களைச் சேர்க்கவே இல்லை. கடைசியில் இவர்களுக்காகவே 24 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பெயர் இன்விக்டஸ், அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த கணேசன் கார்த்திகேயன் அதில் முன்னின்றவர். 2022-இல் முடிவு வந்தது. 4,531 பேர், சராசரி வயது ஐம்பதை ஒட்டி, பெரும்பாலும் பெண்கள். புது மாத்திரையான ரிவராக்ஸபான் சாப்பிட்டவர்களில் 552 பேர் இறந்தார்கள், பழைய மாத்திரையில் 442 பேர். பக்கவாதமும் பழைய மாத்திரையில்தான் குறைவு. புது மாத்திரை குறைந்தது சமமாகவாவது இருக்கும் என்று பலர் நினைத்திருந்த இடம் அது.

உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இதே கதைதான். டபிகட்ரான் என்ற இன்னொரு புது மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, கட்டியும் கசிவும் இரண்டும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள், முடிவு 2013-இல் வெளியானது. ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற ரத்தம் உறையும் நோய் உள்ளவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான்.

## புது மாத்திரைகள்: டபிகட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான், எடாக்ஸபான்

வால்வு கெடாத ஏ.எஃப். என்றால் இன்றைக்கு முதல் தேர்வு இவைதான். 2009-க்கும் 2013-க்கும் இடையில் வந்த நான்கு பெரிய ஆய்வுகளைச் சேர்த்தால் 71,683 பேர். 2014-இல் அந்தக் கூட்டுக் கணக்கு வெளியானது. வார்ஃபரினோடு ஒப்பிட்டால் பக்கவாதமும் உடம்பின் வேறிடத்தில் கட்டி அடைப்பதும் 19 சதவீதம் குறைவு, மண்டைக்குள் ரத்தக்கசிவு ஏறக்குறைய பாதி, மரணம் 10 சதவீதம் குறைவு. வயிறு, குடலில் கசிவு மட்டும் 25 சதவீதம் அதிகம். என்னைக் கேட்டால் இதில் முக்கியமான எண் அந்த “பாதி”தான். வயிற்றுக் கசிவுக்கு ரத்தம் ஏற்றிப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மண்டைக்குள் கசிந்தால் மீள்வது கஷ்டம்.

ஐ.என்.ஆர். டெஸ்ட் இல்லை, கீரைக்குக் கணக்கு இல்லை, போட்ட சில மணி நேரத்தில் வேலை ஆரம்பித்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. காப்புரிமை முடிந்ததால் ரிவராக்ஸபானையும் அபிக்ஸபானையும் இங்கே பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. முன்பு பார்த்த விலைக்கும் இன்றைய விலைக்கும் சம்பந்தமே இல்லை. “அது கோடீஸ்வரன் மாத்திரை” என்று சில வருடம் முன்பு ஒதுக்கியவர்கள் இன்னொரு முறை விசாரிக்கலாம். கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும் என்பதால் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு, மூன்று பெயர்களின் விலையைக் கேளுங்கள்.

நான்கும் ஒன்றுபோல இல்லை. ரிவராக்ஸபான் ஒரு நாளைக்கு ஒன்று, ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போட வேண்டும். ராத்திரி ரெண்டு இட்லியோடு எழுந்துவிடுகிற பெரியவர்களுக்கு இது ஒரு விஷயம், அவர்கள் மத்தியானச் சாப்பாட்டோடு போடலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். டபிகட்ரான் இரண்டு வேளை, சிலருக்கு நெஞ்சு கரிக்கும், எண்பது சதவீதம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கிரியாட்டினின் ஏறியவர்களுக்கு ஆகாது. அதைவிடப் பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தக் கேப்சூல் ஈரம் பட்டால் கெட்டுவிடும். திங்கள், செவ்வாய் என்று கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் மற்ற மாத்திரைகளோடு பிரித்துப் போட்டுவைக்கக் கூடாது, கேப்சூலைத் திறந்து பொடியைக் கலக்கியும் கொடுக்கக் கூடாது. அபிக்ஸபானும் இரண்டு வேளைதான். நான்கில் சிறுநீரகத்தை மிகக் குறைவாக நம்பியிருப்பது இது, கால் பங்கைச் சற்றுத் தாண்டும். 18,201 பேர் கலந்துகொண்ட ஆய்வில் வார்ஃபரினைவிடப் பக்கவாதம் 21 சதவீதமும் பெரிய ரத்தக்கசிவு 31 சதவீதமும் குறைவாக இருந்தன. எடாக்ஸபான் ஒரு வேளை. நம்மூர்ச் சீட்டுகளில் நான் இதை அதிகம் பார்த்ததில்லை.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லாத குறைகள்.

முதலாவது மறதி. அசிட்ரோம் ஒரு வேளை விட்டுப்போனால் ஓரளவு தாக்குப்பிடிக்கும், வார்ஃபரின் இன்னும் நன்றாகவே தாங்கும். புது மாத்திரைகளின் வேகம் பாதியாகக் குறையவே சுமார் 12 மணி நேரம்தான். ஒரு நாள் விட்டால் அன்றைக்குப் பாதுகாப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் கிடையாது என்பதால் விட்டது யாருக்கும் தெரியவும் தெரியாது. ஐ.என்.ஆர். நோட்டு நம்மைக் காட்டிக்கொடுக்கும், இதில் காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை.

இரண்டாவது, அளவைப் பயந்து குறைப்பது. அபிக்ஸபான் 5 மில்லிகிராமை 2.5 ஆக்குவதற்கு விதி உண்டு: வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குள், கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். “வயசாச்சு, எதுக்கும் பாதி போதும்” என்று எழுதினால் பலன் குறையும், கசிவு குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் சீட்டில் 2.5 இருந்தால் எந்த இரண்டு காரணத்துக்காக என்று கேளுங்கள்.

மூன்றாவது, முறிவு மருந்து. அசிட்ரோம் மிஞ்சினால் வைட்டமின் கே ஊசி எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. டபிகட்ரானுக்கு ஐடருசிசுமாப் என்று தனி முறிவு மருந்து 2015-இலேயே வந்துவிட்டது, ஆனால் விலை அதிகம், பெரிய மருத்துவமனைகளில்தான் பார்க்கலாம்.

நான்காவது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டும் பக்கவாதம் வந்துவிட்டால், கட்டி கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவு செய்ய டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?” அசிட்ரோம்காரருக்கு ஐ.என்.ஆர். பார்த்து 1.7-க்குள் இருந்தால் ஊசி போடலாம். புது மாத்திரையைக் கடந்த 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தால் வழக்கமாகத் தயங்குவார்கள், பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் கம்பி விட்டுக் கட்டியை எடுக்கும் வழி இன்னும் இருக்கும். அதனால் வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிடும்போதே மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

## பையை அடைத்துவிடுவது

மாத்திரையே ஆகாதவர்களுக்கு ஒரு வழி: தொடை வழியாகக் கம்பி விட்டு, கட்டி உருவாகும் அந்தப் பையின் வாயில் குடை மாதிரி ஒன்றைப் பொருத்தி மூடிவிடுவது. வாட்ச்மேன் என்ற கருவிக்கு அமெரிக்காவில் 2015-இல் அனுமதி கிடைத்தது. செலவு லட்சங்களில். பொருத்திய பிறகும் சில மாதம் ஏதாவது ஒரு ரத்த மாத்திரை தேவைப்படும், அதனால் “மாத்திரையே வேண்டாம்” என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மூளையில் ஏற்கெனவே ரத்தம் கசிந்தவர்கள், குடலில் திரும்பத் திரும்பக் கசிகிறவர்கள் இதைப் பற்றிப் பேசலாம். மற்றவர்களுக்கு மாத்திரைக்குச் சோம்பல்பட்டுச் செய்துகொள்ளும் காரியம் இல்லை. வேறு காரணத்துக்காக இதய அறுவை சிகிச்சை நடக்கிறது என்றால் மட்டும் கதை வேறு: அப்போதே அந்தப் பையையும் தைத்துவிட்டால், மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களிடம்கூடப் பக்கவாதம் 7 சதவீதத்திலிருந்து 4.8-க்கு இறங்கியது என்று 2021 ஆய்வு காட்டியது.

## ஒரே பார்வையில்

| | ஆஸ்பிரின் | அசிட்ரோம், வார்ஃபரின் | புது மாத்திரைகள் | பை அடைப்பு |
|---|---|---|---|---|
| ஏ.எஃப். பக்கவாதத் தடுப்பு | மிகக் குறைவு | ஐ.என்.ஆர். 2-3 இருந்தால் நல்லது | நல்லது, மண்டைக்குள் கசிவு பாதி | தேர்ந்தெடுத்த சிலருக்கு |
| சுருங்கிய மைட்ரல் வால்வு, உலோக வால்வு | கூடாது | இதுதான் | கூடாது | இதற்கு மாற்று ஆகாது |
| ரத்த டெஸ்ட் | இல்லை | மாதாமாதம் ஐ.என்.ஆர். | வருடம் ஓரிரு முறை கிரியாட்டினின் | ஸ்கேன் தொடர்ச்சி |
| சாப்பாடு | வெறும் வயிறு வேண்டாம் | கீரை ஒரே அளவு | ரிவராக்ஸபான் சாப்பாட்டோடு | இல்லை |
| ஒரு நாள் மறந்தால் | ஒன்றும் பெரிதில்லை | ஓரளவு தாங்கும் | பாதுகாப்பு போய்விடும் | பிரச்சினை இல்லை |
| சிறுநீரகம் கெட்டால் | கவனம் | கொடுக்கலாம், ஐ.என்.ஆர். ஆடும் | அளவு குறையும், சிலது ஆகாது | செய்யலாம் |
| மறைந்த செலவு | வராமல் தடுக்காத பக்கவாதம் | லேப், பஸ், நாள் | மாத்திரை விலை ஆயுளுக்கும் | மொத்தமாக லட்சங்கள் |

## எந்த வீட்டுக்கு எது?

புதிதாக ஏ.எஃப். கண்டுபிடித்திருக்கிறார்கள், வால்வு நன்றாக இருக்கிறது, கிரியாட்டினின் சரி, மாத்திரை கொடுக்க ஆள் உண்டு: புது மாத்திரையில் ஆரம்பிக்கலாம். பக்கவாதம் வந்த உடனே கொடுக்கலாமா என்ற பயம் முன்பு இருந்தது, பெரிய பாதிப்பென்றால் கிட்டத்தட்ட இரண்டு வாரம்கூடக் காத்திருப்பார்கள். 2023, 2024-இல் வந்த ஆய்வுகள், பலருக்கும் முதல் சில நாட்களிலேயே ஆரம்பிப்பது தாமதிப்பதைவிட மோசமில்லை என்று காட்டிவிட்டன.

வால்வு சுருங்கியிருக்கிறது: அசிட்ரோம். பேச்சே இல்லை.

அசிட்ரோமில் ஐ.என்.ஆர். 1.4, 4.8 என்று ஊஞ்சலாடுகிறது, லேப் தூரம், வால்வு சரி: இது அம்மாவின் நிலைமை. மாறினோம்.

எண்பது வயது, தளர்ந்த உடம்பு, பல வருடமாக அசிட்ரோமில் ஐ.என்.ஆர். அழகாக 2.2, 2.5, 2.4 என்று நிற்கிறது. “இப்ப புதுசு வந்திருக்கே, மாத்திடலாமா?” இங்கே எனக்குத் தயக்கம் உண்டு. நெதர்லாந்தில் இதே மாதிரியான 75 வயது தாண்டிய, தளர்ந்த 1,330 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. பழைய மாத்திரையிலேயே இருந்தவர்களில் ஒரு வருடத்தில் 9.4 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவு. புதுசுக்கு மாற்றியவர்களில் 15.3. ஓடுகிற வண்டியைப் பிரிக்க வேண்டாம் என்று நம்மூர் மெக்கானிக் சொல்வதைத்தான் இந்த எண்களும் சொல்கின்றன.

“அப்பா அடிக்கடி விழுந்துவிடுகிறார், அதனால் எந்த மாத்திரையும் வேண்டாம்” என்று நிறுத்திவிடும் வீடுகள் பல. 1999-இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: விழுந்து மண்டைக்குள் கசியும் அபாயம் வார்ஃபரினின் பலனைத் தாண்ட வேண்டுமானால், ஒருவர் வருடத்துக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும். குளியலறையில் கைப்பிடி வையுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆரம்பிக்கப்போகிறார்கள், அல்லது வலிப்புக்கு ஃபெனிடாய்ன் சாப்பிடுகிறார்: புது மாத்திரைகளின் அளவும் ரத்தத்தில் இறங்கிவிடும், அதைக் காட்ட வழக்கமான டெஸ்டும் இல்லை. ஐ.என்.ஆர். பார்த்து அளவை ஏற்றிக்கொள்ள முடிகிற பழைய மாத்திரை அப்போது கைகொடுக்கும்.

## மாறும் நாள்

மாறுவதில் நடக்கும் பெரிய விபத்து, இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது. புதுச் சீட்டு வாங்கி வந்து, பழைய டப்பாவைத் தூக்கிப்போடாமல் வைத்திருப்போம். அசிட்ரோமை நிறுத்தி, ஐ.என்.ஆர். டாக்டர் சொல்லும் அளவுக்கு இறங்கிய பிறகுதான் புதுசை ஆரம்பிக்க வேண்டும். அபிக்ஸபானுக்கும் டபிகட்ரானுக்கும் 2-க்குக் கீழே. எங்கள் வீட்டில் அதற்கு நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அம்மா தினமும் ஆறு மணிக்கு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். பழைய அட்டைகளை நான் அதற்கு முன்பே எடுத்து ஒளித்துவைத்திருந்தேன்.

போன மாதம் சித்தியைக் கூட்டிக்கொண்டு லேப்புக்குப் போனேன். காலை ஆறரைக்கே வரிசை. “உங்கம்மாவுக்கு மட்டும் இந்தக் குத்தல் இல்ல, எனக்கும் அதையே வாங்கிக் குடேன்டா” என்றார் சித்தி, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே. வால்வு கதையை மறுபடியும் சொன்னேன். சாயங்காலம் ரிசல்ட் வந்தது, 2.6. அதே அளவு, அடுத்த டெஸ்ட் நாலு வாரம் கழித்து. நோட்டில் எழுதிவைத்தேன்.